அன்றன்றைக்கு: சில ஆயக்குடிக் குறிப்புகள்

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எனக்குப் பிடித்தது, ஜெபக்குறிப்பு சொல்லும் நேரம். பாட்டையும் பிரசங்கத்தையும் எங்கே வேண்டுமானாலும் கேட்டுவிடலாம். ஓர் ஊரின் கவலைகளை அந்த ஊர்க்காரர்கள் வாயாலேயே வரிசையாகக் கேட்க வேறு இடம் கிடையாது. கொய்யாவுக்கு விலை வர வேண்டும். அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போவதற்குள் மீட்க வேண்டும். மகன் குரூப் 4 தேற வேண்டும். மருமகன் குடியை விட வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி. தோட்டத்துக்குள் யானை இறங்கக் கூடாது. இந்த வரிசையில் மோட்சம் வேண்டும் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அது எப்படியும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையா, அதற்கு இப்போது என்ன அவசரம் என்ற எண்ணமா, தெரியவில்லை.

படித்தவர்கள் சிலருக்கு இது சில்லறை பக்தியாகத் தெரிகிறது. சுவிசேஷங்களைத் திறந்து பார்த்தால் இயேசுவிடம் வந்து நின்றவர்களில் பெரும்பாலானவர்கள் இதே ஆட்கள்தான். மாமியாருக்குக் காய்ச்சல். கல்யாண வீட்டில் திராட்சரசம் தீர்ந்துவிட்டது. ராத்திரி முழுக்க வலை போட்டும் மீன் இல்லை. பெரிய தத்துவக் கேள்வியோடு வந்த நிக்கொதேமு இருட்டில்தான் வந்தார். மற்றவர்கள் பட்டப்பகலில் தங்கள் சங்கடங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

*

கொய்யா தங்காத பழம். பறித்த மறுநாள் மணம் ஏறும், அதற்கு அடுத்த நாள் கை பட்ட இடம் அமுங்கும், பிறகு வியாபாரி திரும்பிப் பார்க்க மாட்டார். ஆயக்குடிச் சந்தை காலையிலேயே கூடிக் கலைவது இதனால்தான். கொண்டு வந்த பெட்டியை என்ன விலை போனாலும் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். வரத்து கூடிய நாளில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே கட்டாது. சாறு பிழியும் தொழிற்சாலை ஒன்று ஊரிலேயே வேண்டும் என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் உயிர்பெற்று, எண்ணிக்கை முடிந்ததும் படுத்துக்கொள்கிறது.

யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வனாந்தரத்தில் மன்னா விழுகிறது. தலைக்கு ஓர் ஓமர் அளவு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நாளைக்கும் இருக்கட்டும் என்று மிச்சம் வைத்தவர்களுடையது விடிவதற்குள் புழு வைத்து நாறுகிறது. பழ ஈ குத்திய கொய்யாவைப் பிளந்து பார்த்தவர்களுக்கு அந்த நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

அதே அதிகாரத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. பிரசங்கங்களில் அதிகம் வருவதில்லை. ஆறாம் நாள் மட்டும் இரண்டு பங்கு எடுக்கச் சொல்லியிருந்தது. ஓய்வுநாளுக்கென்று வைத்த அந்த மன்னா கெடவில்லை. ஆகவே சேமிக்காதே, திட்டமிடாதே என்பதல்ல அங்கே சொல்லப்படுவது. பயத்தில் பதுக்கியது கெட்டது. சொல்லி வைத்தது கெடவில்லை. பரமண்டல ஜெபத்தில் இன்றைய ஆகாரத்தை மட்டும் கேட்கக் கற்றுக்கொடுத்ததற்கும் இதற்கும் உறவு இருக்கிறது. கடன்காரனுக்கு ராத்திரியில் வருவது இன்றைய கவலை அல்ல. மூன்று வருடம் கழித்து வரப்போகும் கவலை இன்றைக்கே வந்து பாயில் படுத்துக்கொள்கிறது. அதை எழுப்பி வெளியே அனுப்ப ஒரு மனிதனுக்கு அனுமதி தேவைப்படுகிறது. அந்த ஜெபம் அந்த அனுமதியைக் கொடுக்கிறது என்பது என் எண்ணம்.

*

தைப்பூசத்துக்கு முன்னால் பல நாள், ஆயக்குடி வழியாகப் பழனிக்குப் போகும் இந்த ரோடு தூங்குவதில்லை. காரைக்குடிப் பக்கமிருந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக வரும் நகரத்தார் காவடி, மதுரைக் கூட்டம், பச்சை வேட்டி, காவி வேட்டி, காலில் துணி சுற்றிய பெண்கள். பழனி மலைக்கோயில் இதோ தெரிகிறது என்ற தெம்பில் ஆயக்குடியில் நடை சற்று வேகமாகும். கிறிஸ்தவ வீடுகள் சிலவற்றின் வாசலிலும் தண்ணீர்க் குடம் இருக்கும். அதைப் பற்றி யாரும் பெருமை பேசிக்கொள்வதில்லை; வாசலில் போகிறவன் தாகத்தோடு போகக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த நாட்களில் நான் ஆரோகண சங்கீதங்களை எடுத்துப் படிப்பது வழக்கம். 120 முதல் 134 வரை பதினைந்து பாட்டுகள். எருசலேமுக்கு மலையேறிப் போன யாத்திரைக்காரர்கள் வழியில் பாடியவை என்று சொல்வார்கள். பாதயாத்திரைப் பாட்டு என்றால் கோயிலின் மகிமையைத்தான் பாடும் என்று நினைப்போம். இதில் பாதிக்கு மேல் வீட்டுச் சமாச்சாரம். பொய் பேசும் பக்கத்துவீட்டார். அழுதுகொண்டே விதைக்கிறவன். கையின் உழைப்பைத் தானே சாப்பிடக் கிடைத்தவன். பந்தியைச் சுற்றிப் பிள்ளைகள். சகோதரர்கள் சண்டையில்லாமல் ஒன்றாக இருப்பது எவ்வளவு நல்லது என்ற ஆச்சரியம் (பாகப்பிரிவினை பார்த்த எந்த ஊரிலும் அது ஆச்சரியம்தான்). 127-ஆம் சங்கீதத்தில் தூக்கமும் வருகிறது. விடியுமுன் எழுந்து, நேரம் கழித்துப் படுத்து, கவலையோடு சாப்பிடுவது வீண். பிரியமானவனுக்கு அவர் தூக்கத்தைக் கொடுக்கிறார் என்ற பொருளில்.

எங்கள் தெருவில் ஓர் அத்தை இருக்கிறார். கணவர் இறந்தபின் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். போன சீசனில் விலை விழுந்தபோது சபையார் எல்லோரும் அவருக்காக ஜெபித்தார்கள். பிறகு ஒரு நாள் கேட்டேன்.

“ஜெபம் கேட்கப்பட்டுச்சா அத்தை?”

“விலை வரலைப்பா. தூக்கம் வந்துச்சு.”

மேலே எதுவும் சொல்லாமல் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நானும் விளக்கம் கேட்கவில்லை.

*

புது வருஷ ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார்கள், சாமான் பீரோவில் ஒட்டுவார்கள், டெம்போ கண்ணாடியில் ஒட்டுவார்கள். நல்ல பழக்கம்தான். ஒருவருடைய கையில் ஒரு வருடத்துக்கு ஒரு வசனமாவது தங்குகிறது.

ஆனால் அட்டை அச்சிடுகிறவர்கள் எதைப் பொறுக்குகிறார்கள், எதை விடுகிறார்கள் என்று பாருங்கள். செழிப்பு, உயர்வு, தலையாக்குவேன், வாலாக்க மாட்டேன். 150 சங்கீதங்களில் முறையிடும் சங்கீதங்களே மிகுதி. அவற்றிலிருந்து அட்டைக்கு வருவது கடைசி இரண்டு வரி, அழுது முடித்தபின் வரும் ஸ்தோத்திரம் மட்டும். அழுகையை வெட்டிவிட்டார்கள். 88-ஆம் சங்கீதத்தில் அந்தக் கடைசி ஸ்தோத்திரமும் இல்லை. இருட்டைச் சொல்லி அப்படியே முடிந்துவிடுகிறது. அந்த அட்டை எடுத்தவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

மிக அதிகமாக அச்சாகும் அட்டை எரேமியா 29:11 என்று நினைக்கிறேன். உங்களுக்காக நான் வைத்திருப்பது தீமையான நினைவல்ல, சமாதானமான நினைவு என்று தேவன் சொல்லும் இடம். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு எல்லோரும் கொடுக்கிற வசனம். எங்கள் ஊரில் மரத்தடி இலவசப் பயிற்சி மையம் இருப்பதால் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வார இறுதியில் வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து, தரையில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதுகிறார்கள். கட்டணம் இல்லை. எங்கள் சபைப் பெண் ஒருத்தி அங்கே படிக்கிறாள். அவளிடமும் அந்த அட்டை இருக்கிறது. முதல் முறை தேறவில்லை. அடுத்த முறை சில மதிப்பெண்ணில் போயிற்று. “அண்ணே, வசனம் எனக்கு இல்லையோ?” என்று கேட்டாள்.

நான் அவளை முழு அதிகாரத்தையும் படிக்கச் சொன்னேன். அது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும், போனவர்கள் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் அறிவிக்கிறார். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் முறிக்கிறார். ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! எரேமியா சொன்ன கணக்கு எழுபது வருடம். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பழத்தைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் அந்நிய ஊரின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்று எழுதுகிறார். அட்டையில் வரும் வசனம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

அனனியாக்கள் இன்றும் டிவியில் இருக்கிறார்கள். மைக் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. தோட்டம் போடச் சொல்கிற எரேமியாவுக்குக் கூட்டம் சேராது. ஆனால் கஷ்டத்தில் இருப்பவனுக்கு இரண்டு வருட வாக்குறுதியைவிட அந்தக் கடிதம் உபயோகமானது. அந்தப் பெண் படித்துவிட்டு, “அப்ப எழுபது வருஷம் குரூப் 4 எழுதணுமா?” என்று சிரித்தாள். இப்போது ஒரு மெடிக்கல் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறாள்.

*

கொடைக்கானல் மலை எங்களுக்குத் தெற்கே நிற்கிறது. அங்கே போகிறவர்கள் ஏரியையும் சாக்லேட்டையும் பார்க்கப் போகிறார்கள். அந்த ஊர் துக்கத்திலிருந்து தொடங்கியது என்பது பலருக்கு நினைவில்லை. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளைக் காலராவும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போயின. மனைவிகளையும் கைக்குழந்தைகளையும் புதைத்தவர்கள், மிச்சமிருப்பவர்களையாவது காப்பாற்றக் குளிர்ந்த இடம் தேடி மேலே ஏறினார்கள். 1845-இல் சன்னிசைடு, ஷெல்ட்டன் என்று இரண்டு பங்களாக்கள் எழுந்தன. அதிலிருந்துதான் ஊர்.

மலையை நோக்கிக் கண்களை ஏறெடுக்கும் 121-ஆம் சங்கீதம் அவர்களுக்கு எப்படி அர்த்தப்பட்டிருக்கும் என்று யோசிப்பேன். கூடவே இன்னொன்றும் தோன்றும். ரோடு வராத காலத்தில் அவர்களையும் அவர்கள் பெட்டிகளையும் நாற்காலியிலும் டோலியிலும் சுமந்து ஏறியவர்கள் அடிவாரத்துக் கூலிகள். வெள்ளைக்காரருக்குக் கிடைத்த மலைக்காற்று தமிழன் தோளில் ஏறிப் போனது. சுமந்தவர் வீட்டுப் பிள்ளைக்குக் காலரா வந்தால் அதற்குக் கீழேதான் இடம். இதைச் சொல்வதால் அவர்களுடைய துக்கம் பொய்யாகிவிடாது.

*

அதே கொடைக்கானலில் சலேத் மாதா கோயில். 1860-களில் சேசு சபைச் சாமியார் லூயி தெ சேன் சிர் கட்டியது. ஆகஸ்டில் திருவிழாவும் தேரும். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். மாதா கோயிலுக்குப் போவது எங்கள் வீட்டில் பழக்கமில்லை. இருந்தாலும் சலேத்தின் கதை எனக்குப் பிடிக்கும்.

1846 செப்டம்பர் 19. பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்ற சிற்றூர். மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமேன் என்ற இரண்டு பிள்ளைகள், கைகளில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவள் பேசியது எதைப் பற்றி? உருளைக்கிழங்கு அழுகுவதைப் பற்றி. கோதுமை பொடியாக உதிரும் என்று. திராட்சை கெட்டுப்போகும் என்று. ஐரோப்பா முழுவதும் உருளைக்கிழங்கு நோய் பரவி அயர்லாந்தில் பஞ்சம் கொன்றுகொண்டிருந்த வருடம் அது.

அந்தச் சாட்சியத்தில் ஓர் இடம் உண்டு. கெட்டுப்போன கோதுமையைப் பார்த்திருக்கிறாயா என்று அவள் கேட்கிறாள். இல்லை என்கிறான் பையன். ஒருமுறை அப்பாவோடு ஒரு வயலுக்குப் போனாய், கதிரை உள்ளங்கையில் கசக்கினீர்கள், தூளாகிப் போயிற்று. திரும்பி வரும் வழியில் அப்பா ஒரு துண்டு ரொட்டி கொடுத்து, இந்த வருடமாவது சாப்பிடு மகனே, அடுத்த வருடம் யாருக்குக் கிடைக்குமோ என்றாரே என்று நினைவூட்டுகிறாள். மகன் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது, கோயில் பக்கம் போகாத அந்த அப்பா அதிர்ந்து மனம் திரும்பினாராம்.

நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் விடட்டும். என்னைத் தொடுவது அந்த ரொட்டித் துண்டு. ஒரு விவசாயி வயலோரம் தன் பிள்ளையிடம் சொன்ன வாக்கியத்தை வானத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்கிறது கதை. மாவுப்பூச்சி அடித்த தோட்டத்தில், நூற்புழு வேரை முடிச்சாக்கி மரம் மரமாக வாடிய தோட்டத்தில் நின்று தனக்குத்தானே பேசிய யாருக்கும் அது சின்ன விஷயம் அல்ல.

*

திண்டுக்கல்லில் ஊழியம் செய்த எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மிஷனரி 1853-இல் ஒரு கீர்த்தனைப் புத்தகம் வெளியிட்டார். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் முக்கியமானவை. சாஸ்திரியார் அப்போது எழுபதைத் தாண்டிய முதியவர். அதுவரை பல சபைகளில் ஆங்கிலப் பாட்டை மொழிபெயர்த்து, அதே மெட்டில் திணறிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ராகமும் தாளமும் போட்ட பாட்டு கைக்கு வந்ததும் சபைகள் வாய் திறந்தன. பிரசங்கத்தில் கேட்டது சந்தைக்குப் போவதற்குள் மறந்துவிடும். பாட்டு கூடவே வரும். கொய்யா பறிக்கிற பெண்கள் வேலையோடு வேலையாக முணுமுணுப்பதைக் கேட்டால் பாதி சினிமாப் பாட்டு, பாதி கீர்த்தனை.

*

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. தோட்டத்து முதல் பழம், பூசணி, தேங்காய், சேவல், முருங்கைக்காய், வீட்டில் சுட்ட முறுக்கு எல்லாம் ஆலயத்துக்கு வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். காலையில் சந்தையில் பெட்டியாகக் கொட்டியும் கேட்பாரில்லாத அதே கொய்யா, மத்தியானம் ஆலய வளாகத்தில் தட்டுக்கு நாலு பழமாக வைத்ததும் ஐந்நூறு, ஆயிரம் என்று ஏறும். ஏலம் விடுகிறவர் மூப்பர், குரல் உள்ளவர். சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் போட்டி போட்டு ஏற்றுவார்கள். ஒருமுறை ஒரு பெரியவர், “இந்த ஏலக்காரரைச் சந்தைக்கு அனுப்புங்கய்யா” என்று கத்தினார். ஆலயமே சிரித்தது.

சிரிப்புதான், ஆனால் அவர் சொன்னது விளையாட்டு இல்லை. வருடத்தில் ஒரு நாள் அந்தப் பழத்துக்கு மரியாதையான விலை கிடைக்கிறது. பணம் ஆலயத்துக்குப் போகிறது. அதில் ஒரு பங்கு, அந்த வருடம் தோட்டம் போனவர்களுக்கு என்று சபை தீர்மானம் போட்டால் என்ன? இதைக் கமிட்டியில் சொன்னேன். யோசிப்போம் என்றார்கள்.

குறைகளைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. தமிழ்நாட்டில் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கொரு பக்கம் உண்டு, நடுவே சுவர் உண்டு. ஆறுதல் தேடி வந்தவனைச் செத்த பிறகும் பிரித்து வைக்கிற சபை எந்த முகத்தோடு வாக்குத்தத்த அட்டை கொடுக்கும்?

*

எலியாவின் கதை, 1 இராஜாக்கள் 19. முந்தின நாள்வரை பெரிய வீரர். யேசபேல் கொல்லப்போகிறாள் என்று செய்தி வந்ததும் ஓடுகிறார். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். அப்படியே தூங்கிவிடுகிறார்.

தேவதூதன் வருகிறான். கண்டிப்பு இல்லை, அறிவுரை இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூங்கிய பின்தான் தூதன் மறுபடியும் தட்டி எழுப்புகிறான். பிறகு இரண்டாவது முறை சாப்பாடு. போக வேண்டிய தூரம் அதிகம் என்று ஒரு வார்த்தை. நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் தேவன் பேசுகிறார். அதுவும் ஒரு கேள்வி: இங்கே உனக்கு என்ன காரியம்? எலியா தன் குறையைக் கொட்டுகிறார். அதற்கும் பிறகு, திரும்பிப் போ என்று வேலை ஒன்றைக் கொடுத்து, உதவிக்கு எலிசா என்று ஓர் ஆளையும் காட்டுகிறார்.

சோறு, தூக்கம், நடை, பேச விடுதல், வேலை, துணை. வழிநடத்துதல் என்று நாம் பெரிதாகச் சொல்வது அங்கே இந்த வரிசையில் வருகிறது. நம் வீடுகளில் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். மனமுடைந்து உட்கார்ந்திருப்பவரிடம் முதலில் வசனம், அடுத்தது விசுவாசம் போதவில்லை என்ற கண்டிப்பு. சாப்பிட்டாயா என்ற கேள்வி கடைசியில் வந்தால் உண்டு.

*

ஒட்டன்சத்திரம் கிறிஸ்டியன் ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. 1955-இல், கேரளத்திலிருந்து வந்த டாக்டர் ஏ.கே. தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் தொடங்கியது. கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனை என்று பெயர். அன்றைக்கு ஒட்டன்சத்திரம் இப்போதிருக்கும் காய்கறிச் சந்தை ஊர் அல்ல. பிரசவம் சிக்கலானால் மதுரைக்குக் கொண்டு போவதற்குள் வழியிலேயே முடிந்துவிடும் காலம். பட்டணத்தில் சம்பாதித்திருக்கக்கூடிய டாக்டர்கள் இங்கே வந்து உட்கார்ந்தார்கள். பிற்பாடு ஜேக்கப் செரியன் அம்பிளிக்கைக்குப் போய் அங்கேயும் கிராமத்து மருத்துவப் பணியைத் தொடங்கினார்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்குக் கிறிஸ்தவம் என்றால் ஆலயம் நினைவுக்கு வராது, அந்த ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். முருகனுக்கு முடியிறக்கிய தலையோடு வந்து படுத்திருப்பார்கள். ஆபரேஷனுக்கு முன் யாராவது ஜெபித்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். பில்லைப் பற்றிக் குறை சொல்வார்கள், நர்சுகளைப் புகழ்வார்கள். பிழைத்து எழுந்தால் பழனிக்குப் போய் நேர்த்திக்கடனும் செலுத்துவார்கள். இதில் யாருக்கும் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஜெபித்தால் போதும், மாத்திரை வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிற பதில். அதைக் கட்டியவர்கள் ஜெபத்தில் நம்பிக்கை குறைந்தவர்களா என்ன?

*

பவுலுக்கு உடம்பில் ஒரு முள் இருந்தது. என்ன நோய் என்று அவர் சொல்லவில்லை. மூன்று தரம் வேண்டிக்கொண்டார். எடுக்கப்படவில்லை. கிருபை உனக்குப் போதும் என்ற பொருளில் பதில் வந்தது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், 12-ஆம் அதிகாரத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தில் முள் எடுக்கப்பட்டவர்கள் மட்டும்தான் எழுந்து நிற்கிறார்கள். எடுக்கப்படாதவர்கள் பின்வரிசையில், அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே ஜெபக்குறிப்போடு. எனக்கு அவர்களுடைய சாட்சியைக் கேட்க ஆசை. வருடக்கணக்காக ஒரே விண்ணப்பத்தோடு ஒருவர் அதே பாயில் வந்து உட்காருகிறார் என்றால் அங்கே அவருக்கு ஏதோ கிடைக்கிறது. அது என்ன என்று அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே.

*

கடைசியாக ஒரு வேலை. விலை விழுந்த வருடங்களில் ஊருக்குள் பூச்சிமருந்து டப்பா பயிருக்கு மட்டும் எடுக்கப்படுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஜெபக்குறிப்பில் கடன் என்று ஒருவர் சொல்லும்போது குரல் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு வெள்ளிக்கிழமை ஆள் வராவிட்டால் வீட்டுக்குப் போங்கள். போகும்போது வசனத்தோடு சோறும் கொண்டு போங்கள். உயிரை விட வேண்டும் என்ற பேச்சு வாயில் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், மருந்து டப்பாவை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். உபவாச ஜெபத்தின் நேரம் எழுதிய எங்கள் சபைப் பலகையில் அதன் கீழேயே இரண்டு எண்களையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஆலயத்திலும் எழுதி வையுங்கள். தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104. மத்திய அரசின் மனநல ஆலோசனை எண் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.